செத்தவரு வாங்குன மண்வெட்டி

மூணு தலைமுறையா மண்வெட்டி, கத்தரின்னு தோட்டச் சாமான் செய்யுற கம்பெனி. இப்ப முதலாளி தண்டபாணி. "வாங்குனவரு உசிரோட இருக்குறவரைக்கும் உடைஞ்சா புதுசு தருவோம்"னு அவரு தாத்தா குடுத்த வாக்குலதான் யாவாரமே வளந்துச்சு.

நர்சரியில குழி வெட்டிப் பொழைக்கிற வெள்ளத்தாயி, புருசன் வாங்குன மண்வெட்டி ஒடைஞ்சுபோகவும், அதைத் தூக்கிட்டு வந்து நின்னா. அது இல்லேன்னா நாளைக்கு வேலை கெடையாது.

"வாங்குனவன்தான் செத்துட்டானே, வாக்கும் அவனோட போச்சு. கெளம்பும்மா," ன்னாரு தண்டபாணி, தாத்தா படத்துக்குச் சூடம் காட்டிக்கிட்டே. "இங்க எங்க தாத்தா சொன்னதுதான் சட்டம். இன்னிக்கும் அவருதான் முதலாளி."

வெள்ளத்தாயி படத்தைப் பாத்துக் கும்பிட்டா. "செத்தவரு முதலாளியா இருக்கலாம். செத்தவரு வாடிக்கைக்காரரா இருக்கக்கூடாதாங்க, ஐயா?"

தண்டபாணி சூடத்தட்டைக் கீழ வச்சாரு. அப்புறம் புது மண்வெட்டி ஒண்ணை எடுத்து வச்சு, "ரசீதை யாரு பேருல எழுத?"ன்னாரு.

"எம் பேருலயே எழுதுங்க. நான் லேசுல சாகமாட்டேன்."