வாசல் வரியும் மலைக்குப் பின்னால் இருந்த பள்ளமும்

இலுப்பைக் காட்டில் கரடி தலைவராக இருந்தது. அந்தக் காட்டில் எல்லா வீட்டுக்கும் வரி உண்டு. வளையோ, பொந்தோ, குகையோ, எத்தனை வாசல் இருக்கிறதோ அத்தனை கிழங்கு தர வேண்டும். பௌர்ணமிதோறும் குளக்கரையில் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அதற்கு வாசல் வரி என்று பெயர்.

கரடிக்கு அது நியாயமாகத்தான் தோன்றியது. பெரிய வீட்டுக்கு நிறைய வாசல் இருக்கும், பெரிய ஆட்கள் நிறையத் தரட்டும் என்று அது நினைத்தது. ஆனால் காட்டில் நிறைய வாசல் வைத்திருப்பது பெரிய ஆள் இல்லை. பயந்த ஆள்தான். கரடியின் குகைக்கு ஒரே வாசல். முயலின் வளைக்கோ, ஓடித் தப்பிக்க நாலா பக்கமும் வாசல்!

முயலால் கோடையில் அவ்வளவு கிழங்கு தர முடியவில்லை. ஒரு வாசலை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மண் வைத்து அடைத்தது. அந்த ஒரே வாசலில் ஒரு நாள் நரி வந்து நின்றது. பக்கத்து வளை முள்ளம்பன்றி ஓடிவந்து நரியை விரட்டுவதற்குள், முயலின் குட்டிகளில் ஒன்று போய்விட்டது.

"முதல்ல மற்ற வாசலைத் திறடி!" என்று முள்ளம்பன்றி பதறியது.

"திறந்தா வரி கேட்பாங்களே அக்கா!" என்று முயல் அழுதது. மீதிக் குட்டிகள் அதன் வயிற்றுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தன.

முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் விறைத்து நின்றன. நேராகக் குளக்கரைக்குப் போய், "இந்தத் தேர்தலில் கரடியை எதிர்த்து நான் நிற்கிறேன்!" என்று கத்தியது.

அந்தக் காட்டுத் தேர்தலில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியிடும் இருவரும் குளத்துக்கு இந்தக் கரையில் ஒருவரும் அந்தக் கரையில் ஒருவருமாக நிற்பார்கள். மற்ற மிருகங்கள் தங்களுக்குப் பிடித்தவரின் கரையில் இறங்கித் தண்ணீர் குடிக்கும். யார் கரையில் நிறையப் பேர் குடிக்கிறார்களோ அவரே தலைவர்.

முள்ளம்பன்றி மரத்தடி மரத்தடியாகப் போய்ப் பேசியது. அணில் கூடவே ஓடி ஆள் சேர்த்தது.

"நாம வாயைக் கட்டிக் கொடுக்கிற கிழங்கெல்லாம் எங்கே போகிறது? கரடி நடந்து வர ஒரு அலங்கார வளைவு! மயில் ஆட ஒரு மேடை! போன பௌர்ணமிக்குத் திறந்த மேடையை இந்தப் பௌர்ணமிக்கு மறுபடியும் விழா எடுத்துத் திறக்கிறார்கள்!"

முள்ளம்பன்றி சொன்னதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

"மலைக்குப் பின்னாடி இருக்கிற யானைகளை விட்டுட்டீங்களே அக்கா!" என்றது அணில். "அதுகளுக்கும் சுமை சுமையா நம்ம கிழங்கு போகுது. ஒரு நாள் தண்ணி குடிக்க, ஓட்டுப் போட இந்தப் பக்கம் வந்ததுண்டா? உட்கார்ந்து தின்கிற கூட்டம்!"

"நான் ஜெயித்தால் வாசல் வரி கிடையாது! எந்த வரியும் கிடையாது! யானைக்குக் கிழங்கும் கிடையாது!" என்றது முள்ளம்பன்றி. காடே கூச்சல் போட்டது.

கரடி சலித்துக்கொண்டது. "யானைச் செலவு எங்க தாத்தா காலத்து வழக்கம். எதுக்குன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? நானே அந்தப் பக்கம் போனதில்லை!"

அப்போது முயல் மெதுவாகக் கேட்டது. "யானைங்க சும்மா தின்கிறதை நீங்க பார்த்தீங்களா அக்கா?"

"பார்க்கணுமா என்ன?"

"பார்த்தேன்னு சொன்னா இன்னும் நல்லா இருக்குமே."

முள்ளம்பன்றிக்கு அது சரியாகப்பட்டது. அணிலைக் கூட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கியது.

அந்தப் பக்கம் ஒரு பச்சை இலை இல்லை. மணல் மூடிய ஆறு வெறிச்சென்று கிடந்தது. முதலில் ஒரு சத்தம்தான் கேட்டது. பூமியே மூச்சு வாங்குவது போல இருந்தது.

பிறகு அந்தப் பள்ளம் கண்ணில் பட்டது.

அணில் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தது. ஒரு பனைமரத்தையே உள்ளே நிறுத்தலாம், அவ்வளவு ஆழம்! சரிவெல்லாம் யானைகள். அடியில் இருந்த யானை மணலை அள்ளி மேலே இருந்த யானையின் தும்பிக்கையில் கொடுத்தது. அது அதற்கும் மேலே கொடுத்தது. கன்றுகள்கூடத் தங்களால் முடிந்த மணலை அள்ளி வந்தன. காற்று வீசும்போதெல்லாம் பாதி மணல் திரும்பவும் உள்ளே சரிந்தது. ஒரு யானையும் சலிக்கவில்லை. திரும்பவும் அள்ளின.

அடியில் ஒரு கிழட்டுப் பெண் யானை முன்காலைப் பாறைமேல் வைத்துக் கண்ணை மூடியது. கூட்டம் முழுவதும் அப்படியே நின்றது.

"இங்கே" என்றது கிழட்டு யானை.

அங்கே தோண்டினார்கள். மணல் முதலில் கறுத்தது, பிறகு மினுங்கியது. தண்ணீர் சத்தமே இல்லாமல் மேலே வந்தது. அவ்வளவு பெரிய வானம் அந்தச் சின்னத் தண்ணீருக்குள் இறங்கி நின்றது.

முள்ளம்பன்றியின் முட்கள் தாமாகவே படிந்துபோயின.

"பெரியம்மா, எதுக்கு இப்படித் தோண்டறீங்க?"

"கோடையில ஆறு மணலுக்கு அடியில போயிடும். நாங்க விட்டுட்டா, பாறை வெடிப்பு வழியா உங்க குளத்துக்குப் போற தண்ணி நின்னுடும். உங்க கரையில வேங்கை மரத்தடிப் பாறைக்குக் கீழே கையை வெச்சுப் பாரு. நாங்க தோண்டறது அங்கே தெரியும்."

"நாங்க உங்களை உட்கார்ந்து தின்கிற கூட்டம்னு பேசிட்டோம்."

கிழட்டு யானை சிரித்தது. "உட்காரவா! நேரம் கிடைச்சா உட்காருவேனே!"

அதன் விலா எலும்புகள் தெரிந்தன. "கிழங்கு வருதா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"உங்க விழா முடிஞ்சு மிச்சம் இருந்தா வரும். கன்றுகளுக்குக் கொடுத்துடுவோம்."

திரும்பும் வழியெல்லாம் அணில் கெஞ்சியது. "அக்கா, இதை ஜெயிச்ச பிறகு சொல்லிக்கலாம்! வரி வேணும்னு இப்பச் சொன்னா ஒரு எலிகூட நம்ம கரைக்கு வராது!"

"மறைச்சு ஜெயிச்சா அது ஏமாத்து."

"தோத்தா முயல் வாசல் என்ன ஆகும்? மிச்சக் குட்டிகளையும் நரி கொண்டு போகுமே, யோசிச்சீங்களா?"

முள்ளம்பன்றி நின்றுவிட்டது. முயலின் வளை இருக்கும் பக்கம் பார்த்தது. ஆனாலும் தேர்தல் அன்று காலை, தன் கரையில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"வரியே வேண்டாம்னு சொன்னேன். அது தப்பு. அந்தத் தண்ணிக்கு நாம கொடுக்கத்தான் வேணும்."

"நேத்து ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா!" என்று காட்டுப்பன்றி உறுமியது. பாதிக் கூட்டம் கரடியின் கரைக்கு நடந்தது.

"கேட்டீங்களா! அவளே ஒத்துக்கிட்டா!" என்று கரடி குதித்தது. "அப்போ நானே இருந்துட்டுப் போறேன்!"

"வரி வேணும். உன் வளைவும் மேடையும் வேண்டாம்! வாசலை எண்ணி வாங்குறது வேண்டவே வேண்டாம். அவரவர் தின்கிறதில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தா முதல்ல நீதான் தரணும்!"

சிலர் சிரித்தார்கள். ஆனால் யாரும் திரும்பி வரவில்லை.

முயல் மட்டும் முள்ளம்பன்றியின் கரையில் இருந்த வேங்கை மரத்தடிக்கு வந்தது. பாறைக்குக் கீழே தண்ணீருக்குள் கையை வைத்தது. அப்படியே அசையாமல் நின்றது.

"என்னடி?" என்றது அணில்.

"துடிக்குது" என்றது முயல். "அள்ளுறாங்க. நிறுத்துறாங்க. திரும்பவும் அள்ளுறாங்க!"

மான் வந்து மூக்கை வைத்தது. குரங்கு வந்து கையை வைத்தது. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே தண்ணீர் குடித்தார்கள். காட்டுப்பன்றி தொட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. மலைக்கு அந்தப் பக்கம், பசியோடு நிற்பவர்களின் கை அங்கே எல்லார் விரலிலும் தட்டியது.

தனியாக நின்ற கரடிக்குப் பொறுக்கவில்லை. "நானும் தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டு, குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. தண்ணீருக்குள் கையை வைத்தது. அதன் வாய் திறந்தபடி நின்றது. தேர்தலையே மறந்து, குனிந்து அங்கேயே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டது!

"கரடி அண்ணன் ஓட்டும் நமக்குத்தான்!" என்று அணில் கத்தியது.

முள்ளம்பன்றி தலைவரானது, வாசல் வரி ஒழிந்தது. அன்றே முயல் தன் வாசல்களையெல்லாம் திறந்தது. மேடைக்கென்று குவித்து வைத்திருந்த கிழங்கு முழுவதும் மலைக்குப் பின்னால் போனது. முதல் சுமையைக் கரடி தூக்கிக்கொண்டு போனது.

வரி கேட்கிறவரானாலும், வரியை எதிர்க்கிறவரானாலும், அது எங்கே போகிறது என்று தன் கண்ணால் பார்த்துவிட்டு, பார்த்ததை மறைக்காமல் பேச வேண்டும்.