சவுக்காரத்துக்குச் சாம்பல்

மழை பொய்த்து, சனங்கள் காட்டுக்கிழங்கைத் தோண்டித் தின்ற வருஷம் அது. வரி வாங்கும் சின்னத் துரையின் பங்களாவில், ஆட்டுக்கொழுப்போடு சாம்பல் தண்ணீரைக் காய்ச்சி, குளிக்கவும் சவரத்துக்கும் சவுக்காரம் செய்கிறவள் சடைச்சி.

"பெரிய துரை வர்றார். பங்களாச் சாம்பல் பத்தாது. ஊருக்குள்ளே போய் அள்ளி வா. வெறுங்கூடையோடு வந்தால் வேலை போச்சு!" என்று சின்னத் துரை விரட்டினார்.

ஊரில் எந்த அடுப்பும் எரியவில்லை. அடுப்பில் தூங்கப் பூனைகூட மிஞ்சவில்லை. ஆனாலும் சடைச்சி கூடை நிறையச் சாம்பலோடு திரும்பினாள்.

பெரிய துரை வந்து, சவரத்துக்காக முகத்தில் அந்தச் சவுக்கார நுரையைப் பூசிக்கொண்டே, "இங்கே பஞ்சமாமே?" என்றார்.

"சுத்தப் புரளி! வீட்டுக்கு வீடு அடுப்பு எரிகிறது. இந்தச் சவுக்காரமே அந்தச் சாம்பலில் செய்ததுதான். இவளையே கேளுங்கள்" என்று, துண்டோடு நின்ற சடைச்சியைக் காட்டினார் சின்னத் துரை.

"எந்த வீட்டுச் சாம்பல்?" என்று பெரிய துரை கேட்டார்.

சடைச்சி துண்டை நீட்டினாள். "ஊருல அடுப்பு எங்கயும் எரியலைங்க, தொரை. சுடுகாடுதான் அணையாம எரியுது. அங்க அள்ளினேன். எல்லா வீட்டுச் சாம்பலும் அதுல இருக்கு. எங்க வீட்டுதும் இருக்கு."

பெரிய துரையின் கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. நுரை மட்டும் மெல்ல வழிந்தது.