சங்கூதியின் பல்லில் படிந்த காரை

கப்பல்கள் காற்றை மட்டுமே நம்பி ஓடிய நாளில், வெண்மணற்பட்டினம் என்றொரு துறைமுகம் இருந்தது. அதைக் கோச்சேந்தன் என்னும் அரசன் ஆண்டான். அவனுடைய சங்கூதியின் பெயர் ஆழிமாறன். இது சங்கூதியின் கதை. ஆகவே அரசனை இப்போதைக்கு அரியணையிலேயே விட்டுவிடுவோம்.

அந்தப் பட்டினத்தில் ஒரு வழக்கம் உண்டு. தை மாத முழுநிலவு நாளின் காலையில், கலங்கள் புறப்படும் முன், கரையில் மூன்று முறை சங்கு முழங்க வேண்டும். முதல் முழக்கம் கடலுக்கு. இரண்டாவது அரசனுக்கு. மூன்றாவது, போய்த் திரும்பாதவர்களுக்கு. அவற்றுள் ஒன்று இடையில் அறுந்தாலும் அவ்வாண்டு எந்தக் கலமும் நங்கூரம் எடுக்காது. ஆழிமாறன் இருபத்திரண்டு ஆண்டுகள் ஊதினான், ஒருமுறையும் அறுந்ததில்லை.

அவன் தன் மூச்சைக் குறித்துப் பெருமை கொண்டான், அது தகும். தன் பற்களைக் குறித்தும் பெருமை கொண்டான். அதுவும் ஓரளவு தகும். "என் வாய்க்குள் என் கையன்றி வேறு கை நுழைந்ததில்லை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். அந்தப் பெருமைதான் தகாதது. ஏன் என்று கேளுங்கள்.

ஓர் ஆண்டு, கீழ்ப்பற்களின் உட்புறத்தில் ஈறை ஒட்டி மஞ்சளாக ஒரு கோடு படிந்தது. வேலங்குச்சியால் தேய்த்தான், போகவில்லை. உப்பும் கரியும் கலந்து தேய்த்தான், போகவில்லை. செங்கல் தூளால் தேய்த்தான். கோடு இருந்தது, ஈறு கிழிந்தது.

"பல் தேய்க்கிறீர்களா, பலகை இழைக்கிறீர்களா?" என்று அவன் மனைவி நல்லினி கேட்டாள். அவன் வாய் கொப்பளித்துத் துப்பினான். துப்பிய நீரில் இரத்தம் இருந்தது.

தை முழுநிலவுக்கு இருபது நாள் இருக்கையில் ஊதிப் பழகினான். முதல் முழக்கம் அறாமல் ஒலித்தது. இரண்டாவதும் அறாமல் ஒலித்தது. மூன்றாவதில், சங்கின் வாய் உதட்டை அழுத்தியபோது, முன்பல் ஒன்று அசைந்தது. வலியில் உதடு நழுவியது. முழக்கம் பாதியில் அறுந்தது.

அந்தத் துறைமுகத்தில் பல் வைத்தியம் செய்யும் வேண்மாள் என்பவள் இருந்தாள். வயதில் அவனுக்கு மகள் போன்றவள். அவளை அவன் பலமுறை கேலி செய்திருக்கிறான். இப்போது தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு, சுற்றுவழியாக அவளிடம் போனான். வந்த காரணத்தை மட்டும் மாற்றிச் சொன்னான்: குச்சி சரியில்லை, நல்ல பொடி ஒன்று கொடுத்தால் போதும் என்றான்.

வேண்மாள் அவன் வாயைப் பார்த்தாள். பொடி கொடுக்கவில்லை. பழைய கலப்பலகை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அதன் ஒரு பாதியில் பாசி. மறுபாதியில், கலத்தின் அடியில் ஒட்டிக் கல்லாய் இறுகும் கொட்டலசு. தேங்காய் நாரைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னாள். பாசி போயிற்று. கொட்டலசு அசையவில்லை. இன்னும் அழுத்தித் தேய்க்கச் சொன்னாள்.

கடற்கரையில் பிறந்தவனுக்குக் கோபம் வந்தது. "கொட்டலசை நாரால் தேய்ப்பார் உண்டா, அம்மா? கலத்தைக் கரையேற்றித் தச்சனிடம் விட வேண்டும். இதற்குமேல் தேய்த்தால் பலகைதான் போகும்."

சொல்லி முடித்ததும், கையிலிருந்த நாரைக் கீழே வைத்தான்.

"கலத்துக்குத் தெரிந்த நியாயம் வாய்க்குத் தெரியவில்லையா, ஐயா?" என்றாள் வேண்மாள்.

பிறகு நிதானமாக விளக்கினாள். நாள்தோறும் பல்லில் படிவது பாசி போன்றது. அதற்கு அவரவர் கையே போதும். விட்டுவைத்தால் அது கொட்டலசுபோல் கெட்டிக் காரையாக இறுகும். தேய்த்தும் நீங்காத படிவு, அடிக்கடி கசியும் ஈறு, கழுவியும் போகாத வாடை, இவற்றில் ஒன்று தோன்றினாலும் வைத்தியரைத் தேடவேண்டும். பல் அசையும்வரை காத்திருந்தது அவன் செய்த பிழை. அசைந்த பல் பழையபடி உறுதியாகும் என்று அவள் வாக்குக் கொடுக்கவில்லை. கேடு மேலும் பரவாமல் தடுக்கலாம் என்று மட்டுமே சொன்னாள்.

மூன்று நாள் அவள்முன் வந்து அமர்ந்தான். மெல்லிய கருவியால் அவள் காரையைப் பெயர்த்தாள். அது வெண்கலத் தட்டில் மணல்போல் விழுந்தது. சில நாளில் இரத்தம் நின்றது. வீக்கம் வடிந்தது. பல்லின் ஆட்டமும் குறைந்தது.

தை முழுநிலவு நாள் வந்தது. கரையில் ஊரே நின்றது. முதல் முழக்கம் கடலுக்குப் போயிற்று. இரண்டாவது அரசனுக்குப் போயிற்று. மூன்றாவதற்குச் சங்கை எடுத்தான். உதட்டில் வைத்தான். பல் தாங்கியது. கடைசிக் கலத்தின் பாய் விரியும்வரை அந்த முழக்கம் அறாமல் நின்றது.

அரசன் அவன் தோளில் பொன்னாடை போர்த்தினான். ஆழிமாறன் அதைக் கழற்றி, எல்லோரும் பார்க்க, வேண்மாளின் தோளில் போர்த்தினான்.

"மூச்சு என்னுடையது, அதைக் காத்த கை இவருடையது. என் வாய்க்குள் நுழைந்த முதல் வேற்றுக்கை இது. பெருமையோடு சொல்கிறேன்."

மறுநாள் காலை வேண்மாளின் வாசலில் நீண்ட வரிசை நின்றது. அதில் முகத்தை மூடிக்கொண்டு நின்றவர் ஒருவருமில்லை.

ஆகவே, கையால் நீங்குவதை நாள்தோறும் தானே நீக்குவதும், தேய்த்தும் நீங்காததைக் காலம் தாழ்த்தாமல் தொழில் அறிந்தவரிடம் ஒப்படைப்பதும்தான் அறிவுடைமை.