மசக்கை கண்ட காட்டுப்பூவரசு

வேம்பனூர் ராஜா பூதலவீரருக்கு எதிலும் உபசாரம் கொஞ்சம் தூக்கல். மலையரசர் ஒரு காட்டுப்பூவரசுச் செடியை அன்பளிப்பாக அனுப்பினார். ராஜா அதையும் விருந்தாளியாகவே வைத்துக்கொண்டார். வேளாவேளைக்குத் தாமே தனியாகப் போவார். பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணே, மணியே" என்று கொஞ்சுவார். சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவி, வெற்றிலை மடித்து வேரடியில் வைப்பார்.

செடி சுருண்டுவிட்டது.

"மலையரசர் பொங்கலுக்கு வருகிறார். அதற்குள் இது பூக்காவிட்டால் உம்முடைய குடுமி உமக்கில்லை!" என்றார் ராஜா, அரண்மனை விகடகவி அம்பலவாணரிடம். இந்த யோசனையை ராஜா காதில் ஓதியவர் தளவாய் சிங்கமுத்து. தளவாய்க்கு முழு வழுக்கை. அந்தக் குடுமிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

அம்பலவாணர் சும்மா இருப்பாரா? ஆசை ஆசையாக வளர்த்த குடுமி ஆயிற்றே! செடியைச் சுமந்துவந்த மலைக்காரர்களைப் பிடித்து விசாரித்தார்.

"இலை மக்கின புளிப்பு மண்ணுதான் சாமி இதுக்கு உசிரு. சுண்ணாம்பு பட்டா செத்துப்போயிரும்" என்றார்கள் அவர்கள்.

விஷயம் புரிந்தது. ஆனால் ராஜா கொடுக்கும் தாம்பூலத்தை வேண்டாமென்று சொல்ல அந்த ஊரில் யாருக்குத் துணிச்சல்?

மறுநாள் கை நிறையச் சர்க்கரையோடு சபைக்கு ஓடிவந்தார் அம்பலவாணர்.

"மகாராஜா, வாயைத் திறங்கள்! நல்ல சேதி! செடி மாசமாக இருக்கிறது. நுனியெல்லாம் மொட்டு. வாட்டம் வெறும் மசக்கைதான்!"

ராஜா துள்ளிக் குதித்தார். "அப்படியானால் தாம்பூலத்தை இரட்டிப்பாக்கட்டுமா?"

"ஐயையோ! மசக்கைக்காரிக்குச் சுண்ணாம்பு வாடையே குமட்டும். நாக்கு புளிப்பைத்தான் கேட்கும்."

அவ்வளவுதான். வேரடி மண்ணை வழித்து எறிந்தார்கள். மலையிலிருந்து புளிப்பு மண் கூடைகூடையாக வந்து இறங்கியது. ராணியாரே மழைத்தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றினார்.

பொங்கலன்று மலையரசர் கண் முன்னால் செடி சிவக்கச் சிவக்கப் பூத்து நின்றது. தளவாய்க்கு வயிறு எரிந்தது.

"ஓய் அம்பலவாணரே! மாசமாக இருந்ததாகச் சொன்னீரே, புருஷன் யார்? சபையில் சொல்லும். சொல்லாவிட்டால் ராஜாவிடமே புளுகியிருக்கிறீர். யாரடா அங்கே, கொண்டுவா கத்தியை!"

அம்பலவாணர் குடுமியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எனக்கென்ன தெரியும் தளவாய்? வேளாவேளைக்குத் தனியாகப் போய், 'கண்ணே, மணியே' என்று கொஞ்சியவர் ஒருத்தர்தான். ராணியார் எதிரிலேயே பெயரைச் சொல்லிவிடட்டுமா?"

ராணியார் மெல்லத் திரும்பி ராஜாவைப் பார்த்தார்.

ராஜாவுக்கு வேர்த்து ஊற்றியது. சபையே அதிரும்படி சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவசர அவசரமாக அம்பலவாணர் கழுத்தில் போட்டு, "போதும், உட்காரும்!" என்றார். பிறகு விருந்தாளி பக்கம் திரும்பினார்.

"என்ன மலையரசரே, பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டு மாப்பிள்ளைச் செடியை அங்கேயே நிறுத்திக்கொண்டீரே! நாளைக்கே அனுப்பி வையும். என் குடும்பத்தில் குழப்பமாகிறது!"