டன்வாரக் கோட்டையின் கூரை

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைகளில் டன்வாரக் என்றொரு இடிந்த கோட்டை இருந்தது. அதன் சுவர்களை நாற்பது வருடமாகச் செப்பனிட்டுவந்தவர் டோர்க்கில் என்ற கொத்தனார். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, ஐம்பது வயதில் அவரிடம் தொழில் கற்க வந்தவள் எல்ஸ்பெத்.

கோட்டை வாசலில் நடுவதற்கு ஒரு வரலாற்றுப் பலகை எழுதித் தரச் சொல்லி ஊர்க்காரர்கள் அவளைக் கேட்டார்கள். எதிரிகளின் பீரங்கி கூரையைத் தகர்த்தது என்று எல்லோரும் சொல்வதையே எழுதி எடுத்துவந்தாள்.

டோர்க்கில் படித்துப் பார்த்தார். ஏணியைக் கொண்டுவந்து பெரிய கூடத்துச் சுவரில் சாய்த்து, ஏறச் சொன்னார்.

சுவரின் உச்சியில் உத்திரங்கள் செருகிய குழிகள் வரிசையாக இருந்தன. சிலவற்றில் கட்டையின் முனை இன்னும் மிச்சமிருந்தது. தடவிப் பார்த்தாள். எரியவில்லை, பிளக்கவில்லை. நேராக வெட்டுப்பட்டிருந்தது.

"ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள்" என்றாள்.

"பீரங்கி அறுக்காது" என்றார்.

இறங்கி வந்தவளிடம் நடந்ததைச் சொன்னார். நூற்றெழுபது வருடத்துக்கு முன்பு, ஆடு மேய்க்க இடம் வேண்டுமென்று நிலத்துக்காரன் இந்தப் பள்ளத்தாக்கின் வீடுகளைக் கொளுத்தினான். பத்தொன்பது குடும்பங்கள் ஆளில்லாமல் கிடந்த கோட்டைக்குள் ஒதுங்கின. அவர்கள் வெளியேற மறுத்ததும், ஜனவரி மாதத்தில் தச்சர்களை அனுப்பிக் கூரையைப் பிரிக்கச் சொன்னான். மூன்று நாளில் பிரித்துவிட்டார்கள். பனி உள்ளே கொட்டியது. பிள்ளை பெற்று நான்கு நாளான ஒருத்தி கணப்படுப்பின் ஓரத்திலேயே இறந்துபோனாள்.

எல்ஸ்பெத் கையிலிருந்த தாளைக் கிழித்தாள்.

"அவன் கொடியவன், சரி. அந்தத் தச்சர்களுக்கு என்ன வந்தது? கீழே குழந்தைகள் அழுதது அவர்கள் காதில் விழவில்லையா?"

"விழுந்தது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தலைமைத் தச்சர் என் கொள்ளுத்தாத்தா. ஹெக்டர் மன்ரோ. சாகும்வரை காதைப் பொத்திக்கொண்டுதான் தூங்குவாராம்."

அவள் கோபம் அவர் பக்கம் திரும்பியது. இத்தனை வருடம் தெரிந்துவைத்துக்கொண்டே பீரங்கிக் கதையை ஏன் ஊருக்குள் உலவ விட்டீர்கள் என்று கேட்டாள்.

"எனக்கு அது வசதியாக இருந்தது" என்றார் டோர்க்கில்.

அவள் வேறொரு தாளை எடுத்தாள். பிறகு, "நான் எழுதத்தான் போகிறேன்" என்றாள்.

"எழுது. தச்சர்கள் என்று பொதுவாகப் போடாதே. பெயரைப் போடு."