ஆற்றங்கரையில் ஒரு கரிச்சட்டி

காது இருக்கிறவர்கள் கேளுங்கள், இல்லாதவர்கள் எழுந்து போங்கள். ஆற்றில் தண்ணீர் நிறைந்தும் ராஜாவின் தலையில் ஒன்றும் நிறையாமலும் இருந்த காலத்துக் கதை இது. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

காரியாற்றங்கரையில் பரிமளராயன் என்று ஒரு ராஜா இருந்தான். ஆடி மாதம் ஆறு பெருகியதும் நீச்சல் போட்டி வைப்பான். அக்கரைக்கு நீந்திப் போய், ஒரு நாணலை ஒடித்துக்கொண்டு முதலில் திரும்புகிறவனுக்குப் பட்டுத் தலைப்பாகை. நல்ல வழக்கம்தானே என்கிறீர்களா? பொறுங்கள். மற்ற எல்லோருக்கும் முகத்தில் கரி பூசி, கழுதைமேல் ஏற்றி, ஊரைச் சுற்ற விடுவான். அவமானம் இருந்தால்தான் வீரம் வரும் என்பது அவன் கண்டுபிடிப்பு. முழங்கால் தண்ணீரில் நிற்கப் பயப்படுகிற மனுஷன் பேசுகிற பேச்சா இது!

ஊர் ஜனங்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, யாருக்குக் கரி என்று கரையில் காத்திருந்தார்கள். நீச்சலைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை.

முதல் வருஷம் கரை கொள்ளாமல் நீச்சல்காரர்கள் வந்தார்கள். அடுத்த வருஷம் பாதிப் பேர் வந்தார்கள். மூன்றாம் வருஷம் வந்தவர்கள் மூன்றே பேர்.

அவர்களில் ஒருவன் சடையன். முதல் இரண்டு வருஷமும் தலைப்பாகை வாங்கியவன். ஜெயித்தவன் சந்தோஷமாக இருந்தானா? எங்கே இருந்தான்! சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, ஆற்றங்கரைப் பக்கமே போகாமல் சுற்று வழியில் நடந்தான். சின்ன வயதில் அதே ஆற்றில் கும்மாளம் போட்டவன்தான்.

"பட்டு கட்டின தலையோட கழுதை ஏறுறதுக்குச் செத்துப் போகலாம்" என்று மனைவி அங்காயியிடம் சொன்னான்.

"தோத்தா வீட்டுக்கு வந்து சோறு தின்னுய்யா. அதுக்கு எதுக்குச் சாவணும்?" என்று அவள் சீறினாள். அவன் காதில் அது ஏறவில்லை.

போட்டி நாளும் வந்தது. அக்கரை போய் நாணலை ஒடித்துத் திரும்பும்போது, நடு ஆற்றில் சடையனுக்குக் கெண்டைக்கால் நரம்பு சுருட்டிப் பிடித்தது. மற்ற இருவரும் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். காவலுக்கு நின்ற பரிசல்காரர் பக்கத்தில் வந்து, "கையைக் குடு சடையா!" என்றார். சடையன் பரிசலைத் தள்ளிவிட்டான். மறுபடி வந்தார், மறுபடி தள்ளினான். மூன்றாம் முறை தள்ளியபோது அவன் வாயில் தண்ணீர் போய்விட்டது. பாவி, சாவைவிடக் கரிக்குப் பயந்தான்!

கரையிலோ ஒரே சிரிப்பு. "கரியைக் குழைங்கடா!" என்று ஒருவன் கத்தினான்.

அந்தக் கூட்டத்தில் நின்ற அங்காயி பாய்ந்தாள். சேவகன் கையிலிருந்த கரிச்சட்டியைப் பிடுங்கி, இரண்டு கையாலும் அள்ளித் தன் முகத்தில் பூசிக்கொண்டாள்.

"இங்க பாருய்யா! நம்ம வீட்டுக்குக் கரி வந்தாச்சு! இனிமே பயப்பட என்ன இருக்கு? பரிசலைப் பிடி!"

சடையன் பார்த்தான். எதற்காகச் சாகத் துணிந்தானோ அது அவள் முகத்தில் இருந்தது, அவளோ குத்துக்கல்லாக நின்றுகொண்டிருந்தாள். அவன் பரிசலைப் பிடித்துக்கொண்டான்.

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தோற்றவனுக்குத்தான் கரி. உனக்கு யார் பூசச் சொன்னது?"

"கரை கொள்ளாம வந்தவங்க மூணு பேரா ஆயிட்டாங்க, மகாராஜா. அடுத்த வருஷம் யாரு வருவா? நாளைக்கு எதிரி ஆத்தைத் தாண்டி வந்தா யாரு நீந்துவா? கரிதான் வீரம் குடுக்கும்னா, முதல்ல நீங்க பூசிக்கிட்டு இறங்குங்க!" என்று சட்டியை அவன் முன்னால் நீட்டினாள்.

ராஜா சட்டியைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான், ஜனங்களைப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவனுக்குப் புத்தி வந்தது என்று நான் சொல்லமாட்டேன். சட்டியைத் தொடாமல் திரும்பிக்கொண்டான், அவ்வளவுதான். பல்லக்கில் ஏறிப் போய்விட்டான். அத்தோடு கரி வழக்கம் ஒழிந்தது.

அடுத்த ஆடியில் மறுபடி கரை நிறைந்தது. சடையன் இரண்டாவதாக வந்தான். ஜெயித்தவன் தோளில் கை போட்டு, "அந்தச் சுழியை எப்படிடா தாண்டினே?" என்று கேட்டுக் கற்றுக்கொண்டான். பிறகு வீட்டுக்குப் போய் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

கடைசியாக வந்த பிள்ளையைப் பார்த்துப் பல்லிளிக்கிறவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: தோற்றவனை அவமானப்படுத்தும் ஊரில் ஆட்டமே செத்துப்போகும், தோற்றாலும் தலை நிமிர்ந்து வீடு திரும்பலாம் என்று அறிந்தவனே துணிந்து ஆடுவான்.