மயிலைக்குச் சொன்ன விலை

அந்தக் காலத்தில் மாடுகளுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் சுமை குறைந்ததா என்றால், அதுதான் இல்லை.

வயிரவன் செட்டியார் உப்பு வணிகர். கடற்கரையில் உப்பை மூட்டை கட்டி, மயிலை என்ற காளையின் முதுகில் ஏற்றி, மலையடிவாரம் வரை நடப்பார். உப்பைக் கொடுத்து வரகு வாங்கித் திரும்புவார். காட்டு வழியில் தொலைந்துவிடக் கூடாதென்று முதல் பயணத்திலேயே அதன் கழுத்தில் ஒரு வெண்கல மணி கட்டினார். பன்னிரண்டு வருஷம் அதே வழி, அதே புழுதி. பேச்சுத்துணைக்கு அவருக்கு அது, அதற்கு அவர்.

கடைசியில் மயிலைக்கு முன்னங்கால் வீங்கிவிட்டது. செட்டியாருக்கு முழங்கால் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அவர் நடந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். சுமக்க ஒரு இளங்காளை வேண்டும், அதற்கு மயிலையை விற்றாக வேண்டும். இரண்டு நாள் யோசித்தும் வேறு வழி தோன்றவில்லை.

சந்தைக்குப் போகிற வழியில் மயிலை கேட்டது. "என்னை விக்கத்தானே கூட்டிட்டுப் போறீங்க?"

செட்டியாருக்குப் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. "ஆமாண்டா."

"என்ன விலை சொல்லுவீங்க?"

"உனக்கு விலை ஏதுடா மயிலை? உன்னை விலை மதிக்க யாரால முடியும்?"

அதன் பிறகு காளை கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது.

அந்நாளில் சந்தையில் விலையை உரக்கத்தான் சொல்வார்கள். செக்கு வைத்திருந்த குப்பாண்டி வந்தான். மயிலையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான். "ரெண்டு மூட்டை வரகு," என்றான்.

"நாலு."

"நொண்டிக் காலுக்கு நாலா?"

"உன் செக்கைச் சுத்த இந்தக் காலு போதும். மூணு குடு."

"ரெண்டுதான் செட்டியாரே."

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது செட்டியாருக்கு. பேரம் படியாவிட்டால் கொசுறு போட்டு முடிப்பது வணிகர் வழக்கம். உப்பு விற்று விற்றுப் பழகிய வாய், யோசிக்காமல் சொல்லிவிட்டது.

"சரி, ரெண்டே குடு. கழுத்து மணியைக் கொசுறா வச்சுக்க."

மயிலை தலையைத் திருப்பிப் பார்த்தது. "நானும் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன், செட்டியாரே," என்றது. அதில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"மயிலை, ஏ மயிலை," என்று செட்டியார் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார். அது வாய் திறக்கவில்லை. குப்பாண்டி கயிற்றைப் பிடித்ததும் பேசாமல் அவன் பின்னால் போயிற்று. சுற்றி நின்ற மாடுகளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தன. ஒவ்வொன்றாக அவையும் பேச்சை நிறுத்திக்கொண்டன.

செட்டியார் ஒரு இளங்காளையின் முன்னால் போய் நின்றார். அதன் சொந்தக்காரன் விலை சொல்ல வாயெடுத்தான். அவர் பதறிப்போய்த் தோள்துண்டை உருவி அவன் கைமேல் போட்டார்.

"வாயால சொல்லாதப்பா. அது காதுல விழும். என் விரலைப் பிடிச்சுச் சொல்லு."

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது அன்று தொடங்கியதுதான். பக்கத்து வியாபாரிக்குத் தெரியக் கூடாதென்று அப்படிச் செய்கிறோம் என்பார்கள் தரகர்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உண்மையான காரணத்தை மாடுதான் சொல்ல வேண்டும், அது அன்றைக்கே பேச்சை விட்டுவிட்டது.